கண்ணாடி அரண்மனை கட்டிய தோட்டக்காரர்

லண்டன் நகரில் 1851-ம் ஆண்டு ஒரு அதிசயக் கட்டிடம் எழுந்தது.

அதில் செங்கல் சுவர் இல்லை. ஓடு இல்லை. சுண்ணாம்புப் பூச்சு இல்லை. எங்கே பார்த்தாலும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைத் தாங்க இரும்பும் மரமும். நீளம் 1,848 அடி. ஒரு மைலில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்!

அதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் கட்டிடக் கலைஞர் அல்ல. என்ஜினீயர் அல்ல. கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்ல.

அவர் ஒரு தோட்டக்காரர். பெயர், ஜோசப் பாக்ஸ்டன்.

ஏழாவது மகன்

இங்கிலாந்தில் பெட்போர்டுஷயர் என்ற பகுதியில் மில்டன் பிரையன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில், 1803-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி பாக்ஸ்டன் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது மகன்.

சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. படிப்பு நின்றது. பதினைந்து வயது வாக்கில், பணக்காரர் ஒருவரின் தோட்டத்தில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார்.

மண் வெட்டினார். நாற்று நட்டார். தண்ணீர் இறைத்தார். ஆனால் எந்தச் செடி எந்த வெயிலில் வாடுகிறது, எந்த ஈரத்தில் தழைக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார்.

லண்டனுக்குப் பக்கத்தில் சிஸ்விக் என்ற இடத்தில் தோட்டக்கலைச் சங்கம் ஒரு பெரிய தோட்டம் போட்டது. 1823-ம் ஆண்டில் பாக்ஸ்டன் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சேரும்போது, பிறந்த ஆண்டை 1801 என்று எழுதிக் கொடுத்தார். வயதில் இரண்டு கூட்டிச் சொன்னால் பெரிய பையன் என்று மதிப்பார்கள் என நினைத்தார் போலும்! அந்தத் தப்பான ஆண்டு பிறகு பல புத்தகங்களிலும் ஏறிவிட்டது.

அந்தத் தோட்டம் இருந்த நிலம் டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தம். பிரபுவின் மாளிகையும் பக்கத்திலேயே இருந்தது. அடிக்கடி தோட்டத்துக்கு வந்து உலாவுவார். இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். கலியாணம் செய்துகொள்ளாதவர். காதும் சற்று மந்தம்.

தோட்டத்தில் சுறுசுறுப்பாக வேலை பார்க்கும் ஓர் இளைஞன் அவர் கண்ணில் பட்டான். பேச்சுக் கொடுத்தார். பிடித்துப்போய்விட்டது.

பிரபுவுக்கு டெர்பிஷயரில் சாட்ஸ்வொர்த் என்ற பெரிய அரண்மனை உண்டு. அங்கே தோட்டம் பாழ்பட்டுக் கிடந்தது. அதற்குத் தலைமைத் தோட்டக்காரராக வரச் சம்மதமா என்று பாக்ஸ்டனைக் கேட்டார். சம்பளம், ஆண்டுக்கு 70 பவுன். குடியிருக்க ஒரு வீடு.

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிப் பிழைப்புத் தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். உடனே ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22.

சுவர் ஏறிக் குதித்தார்

பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தது 1826-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி. அன்று நடந்ததைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

விடியற்காலை நாலரை மணி. அரண்மனையின் வெளிக்கதவு திறக்கவில்லை. காவலாளியை எழுப்பிக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. காய்கறித் தோட்டத்துச் சுவரில் ஏறி உள்ளே குதித்தார். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்கள் வந்ததும் வேலை பிரித்துக் கொடுத்தார். நீரூற்றுகளை ஓடவிடச் சொல்லிப் பார்வையிட்டார்.

பிறகு, அரண்மனையின் உள் நிர்வாகத்தைக் கவனித்துவந்த அம்மையாரின் அறையில் காலைச் சாப்பாடு. அங்கே அந்த அம்மையாரின் உறவுப் பெண் சாரா பௌன் உட்கார்ந்திருந்தாள். பாக்ஸ்டன் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

அப்போது மணி ஒன்பது ஆகவில்லை. அதற்குள் வேலையும் கிடைத்தது, மனைவியும் கிடைத்துவிட்டாள்!

அடுத்த ஆண்டில் இருவருக்கும் திருமணம் நடந்தது.

சாராவைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். கணவரைவிட மூத்தவள். கணக்கு வழக்கில் கெட்டிக்காரி. பின்னாளில் பாக்ஸ்டன் லண்டனுக்கும் வெளிநாட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தபோது, தோட்டக் கணக்கு, ஆட்களின் கூலி, வீடு, குழந்தைகள் எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பிரபு 1838-ம் ஆண்டில் பாக்ஸ்டனைக் கூட்டிக்கொண்டு இத்தாலி, கிரீஸ், கான்ஸ்டாண்டிநோபிள் என்று ஊர் ஊராகச் சுற்றினார். மாதக்கணக்கில் கணவர் வீட்டில் இல்லை. அப்போதும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வேலையும் நிற்கவில்லை.

வாழைக் குலை

குளிர் நாடான இங்கிலாந்தில் வெப்ப நாட்டுச் செடிகளை வளர்ப்பது அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கு ஒரு பைத்தியம். யார் வீட்டில் அபூர்வச் செடி முதலில் பூக்கிறது என்று பெரும் போட்டி நடக்கும். பிரபுவுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஆசையை மூட்டியவர் பாக்ஸ்டன்தான்.

மொரீஷியஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு குட்டை வாழையைப் பாக்ஸ்டன் வாங்கி வளர்த்தார். 1835-ம் ஆண்டு நவம்பரில் அது பூ தள்ளியது. அடுத்த மே மாதம் நூறு காய்க்கு மேல் கொண்ட குலையாகத் தொங்கியது. அதற்குத் தோட்டக்கலைச் சங்கம் பரிசு கொடுத்தது. பிரபுவின் குடும்பப் பெயர் காவெண்டிஷ். அந்தப் பெயரையே வாழைக்கும் வைத்தார்கள்.

இன்று உலகச் சந்தையில் அதிகமாக விற்பது காவெண்டிஷ் வாழை இனம்தான். நம் ஊர்க் கடைகளில் மோரிஸ் என்று தொங்குகிற பழமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

1835-ம் ஆண்டில் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரைப் பாக்ஸ்டன் இந்தியாவுக்கு அனுப்பினார். கிப்சன் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கும், காசி மலைக்கும் சென்று, பெட்டி பெட்டியாக ஆர்கிட் செடிகளைக் கொண்டுவந்தார். ஆம்ஹெர்ஸ்டியா என்ற பர்மா நாட்டுப் பூமரமும் வந்தது. அதைப் பார்த்துப் பிரபு பூரித்துப்போனார். ஆனால் அந்த மரம் அவர் தோட்டத்தில் முதலில் பூக்கவில்லை. பல ஆண்டு கழித்து, லண்டனுக்குப் பக்கத்தில் வேறு ஓர் அம்மையாரின் தோட்டத்தில்தான் முதல் பூ பூத்தது.

செடி தேடுவது விளையாட்டு அல்ல. வட அமெரிக்காவுக்குப் பாக்ஸ்டன் அனுப்பிய இரண்டு இளைஞர்கள், 1838-ம் ஆண்டு கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டார்கள். அதன் பிறகு அப்படி ஆள் அனுப்புவது நின்றுபோயிற்று.

கூரையில் ஒரு யோசனை

வந்த செடிகளுக்கெல்லாம் வீடு வேண்டுமே! வெளியே வைத்தால் பனியில் செத்துப்போகும். எனவே பாக்ஸ்டன் கண்ணாடி வீடுகள் கட்டத் தொடங்கினார்.

அவர் கட்டிடக் கலையைக் கற்றது இப்படித்தான். அவருடைய முதலாளி பிரபு என்றால், வாத்தியார் செடி!

செடிக்கு முதலில் வெளிச்சம் வேண்டும். கனத்த சுவரும் தடித்த சட்டமும் வெளிச்சத்தை மறைக்கும். ஆகையால் சட்டத்தை எவ்வளவு மெல்லியதாக்க முடியுமோ அவ்வளவு மெல்லியதாக்கினார். மெல்லிய மரச்சட்டங்களைக் கையால் இழைத்தால் கூலி கட்டாது. அதற்கு ஓர் இயந்திரமே அமைத்தார்.

இரண்டாவதாக, கூரை. கண்ணாடியைத் தட்டையாகப் போட்டால் காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். விசிறி மடிப்புப் போல மேடும் பள்ளமுமாக மடித்துப் போட்டால் அந்த வெயில் நேராக உள்ளே விழும். இந்த யோசனை அவருக்கு முன்பே வேறொருவர் சொன்னதுதான். ஆனால் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பாக்ஸ்டன்.

மூன்றாவதாக, தண்ணீர். மழைத்தண்ணீர் வெளிப்பக்கம் வழியும். உள்ளே இருக்கும் வெப்பத்தால் கண்ணாடியின் அடிப்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணீர் செடி மேல் சொட்டும். சொட்டினால் இலை அழுகும். எனவே கூரையைத் தாங்கும் மரத்திலேயே மேலே ஒரு பள்ளமும் பக்கங்களில் இரண்டு சிறு பள்ளமும் வெட்டினார். மேல் பள்ளத்தில் மழை ஓடும். பக்கப் பள்ளத்தில் வேர்வை ஓடும். கால்வாயும் அதுதான், உத்தரமும் அதுதான்.

இப்படிப் பழகிய கையோடு 1836-ம் ஆண்டு ஒரு பெரிய கண்ணாடி மாளிகையைத் தொடங்கினார். நீளம் 277 அடி. அகலம் 123 அடி. உயரம் 67 அடி. கட்டிடக் கலைஞர் டெசிமஸ் பர்ட்டனும் யோசனை சொன்னார். கட்டி முடிக்க நாலு ஆண்டு ஆயிற்று. செலவு 30 ஆயிரம் பவுனுக்கு மேல். அதைச் சூடாக வைத்திருக்க எட்டுக் கொதிகலன்கள். ஏழு மைல் நீளக் குழாய். நிலக்கரி கொண்டுவரப் பூமிக்கடியில் ஒரு தண்டவாளம்!

1843-ம் ஆண்டு டிசம்பரில் விக்டோரியா மகாராணி வந்தார். 12 ஆயிரம் விளக்குகள் எரிய, கண்ணாடி மாளிகைக்குள் குதிரை வண்டியிலேயே பவனி போனார்.

ரஷிய ஜார் சக்கரவர்த்தி நிக்கோலஸ் வருவார் என்று பிரபு எதிர்பார்த்தார். அவருக்காக 1844-ம் ஆண்டு பாக்ஸ்டன் ஒரு நீரூற்று அமைத்தார். மலைமேல் ஏரி வெட்டி, தண்ணீரைக் குழாயில் இறக்கினார். நீர் 296 அடி உயரத்துக்குப் பீறிட்டு எழுந்தது. ஜார் வரவே இல்லை. சக்கரவர்த்தி நீரூற்று என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இலைமேல் நின்ற சிறுமி

தென் அமெரிக்காவின் ஆறுகளில் ஒரு பிரமாண்டமான அல்லி உண்டு. அதற்கு மகாராணியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்கு விதை வந்தது. முளைத்தது, ஆனால் பூக்கவில்லை.

1849-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாக்ஸ்டன் கியூவிலிருந்து ஒரு சிறு நாற்றை வாங்கிக்கொண்டு ரெயிலில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி கட்டினார். ஆற்றுத் தண்ணீர் போல நீர் அசைந்துகொண்டே இருக்க, ஒரு சிறு சக்கரத்தைச் சுழலவிட்டார். மூன்று மாதத்தில் இலை ஒவ்வொன்றும் ஐந்தடி அகலத்தை நெருங்கிற்று. நவம்பரில் பூ மலர்ந்தது. இங்கிலாந்தில் அதுவே முதல் மலர். மொட்டையும் இலையையும் மகாராணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த இலை எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்க்கத் தம் சின்ன மகள் ஆனியை அதன்மேல் நிறுத்தினார். இலை அமுங்கவில்லை! பத்திரிகைகளில் படம் போட்டார்கள். ஊரெல்லாம் பேச்சு.

இலையின் அடிப்பக்கம் பார்த்தால், நடுவிலிருந்து தடித்த நரம்புகள் விரிந்து ஓடும். அவற்றைக் குறுக்கு நரம்புகள் இணைக்கும். பாக்ஸ்டன் பின்னால் ஒரு கூட்டத்தில் இந்த இலையைக் காட்டியே தம் கட்டிட வேலையை விளக்கினார். ஆகவே கண்ணாடி அரண்மனையே அல்லி இலையிலிருந்து பிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க அழகான கதைதான். ஆனால் அது பிறந்தது இலையிலிருந்து மட்டும் அல்ல. இருபது ஆண்டு காலம் மழை ஒழுகும் கூரையோடு போராடியதிலிருந்து பிறந்தது.

245 திட்டங்கள்

விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர். எல்லா நாட்டுத் தொழில் பொருள்களையும் ஒரே இடத்தில் வைத்து மாபெரும் கண்காட்சி நடத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. இடம், லண்டன் ஹைட் பூங்கா. நாள், 1851-ம் ஆண்டு மே 1.

கட்டிடத்துக்குத் திட்டம் அனுப்பும்படி 1850-ம் ஆண்டு தொடக்கத்தில் அறிவித்தார்கள். 245 திட்டங்கள் வந்து குவிந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை!

குழுவினர் தாங்களே ஒரு திட்டம் போட்டார்கள். குழுவில் இருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ரெயில் பாலங்கள் கட்டிப் புகழ்பெற்ற புரூனெல் இருந்தார். ராபர்ட் ஸ்டீவன்சன் இருந்தார். பார்லிமெண்டுக் கட்டிடத்தைக் கட்டிக்கொண்டிருந்த சார்லஸ் பாரி இருந்தார்.

அந்தக் காலத்துக் கட்டிடக் கலைஞர்களிடையே ஒரு சண்டை உண்டு. கூரிய வளைவும் ஊசிக் கோபுரமும் கொண்ட பழைய மாதாகோவில் பாணிதான் சிறந்தது என்பது ஒரு கட்சி. அதற்குக் காதிக் பாணி என்று பெயர். கிரேக்க, ரோமானியக் கோவில்களைப் போல வரிசைத் தூண் வைத்துக் கட்டுவதே சிறந்தது என்பது மறு கட்சி. 1834-ம் ஆண்டில் பழைய பார்லிமெண்டு தீப்பிடித்து எரிந்தபோது, புதியது காதிக் பாணியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ரெயில் நிலையம், வங்கி, நீதிமன்றம் எதைக் கட்டினாலும் இந்தச் சண்டை வரும். எல்லாம் பழங்காலத்தைப் பார்த்து வரைவதுதான். இரும்பும் பெரிய கண்ணாடியும் தொழிற்சாலையில் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டன. அதை வைத்துப் புதிதாக என்ன செய்யலாம் என்று பெரிய கலைஞர்கள் அதிகம் யோசிக்கவில்லை.

குழுவின் திட்டம் வெளியாயிற்று. செங்கல்லால் ஒரு நீண்ட கட்டிடம். நடுவில் 200 அடி அகலத்தில் இரும்புக் கூண்டுக் கோபுரம். சுமார் ஒன்றரைக் கோடி செங்கல் வேண்டும்!

ஊர் கொதித்தது. பூங்காவை நாசமாக்கப்போகிறார்கள், மரங்களை வெட்டப்போகிறார்கள், ஒரு கோடைகாலக் கண்காட்சிக்கு இவ்வளவு செங்கல்லா என்று கேட்டார்கள். பார்லிமெண்டில் சிப்தார்ப் என்ற உறுப்பினர் கண்காட்சியே கூடாது என்று முழங்கினார். நாளோ ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பதினொரு மாதம்கூட இல்லை. கண்காட்சியே நின்றுபோகும் போலிருந்தது.

மை ஒற்றும் தாளில் பிறந்தது

இதற்குள் பாக்ஸ்டன் வெறும் தோட்டக்காரராக இல்லை. ரெயில்வே பங்குகளில் பணம் போட்டுச் செல்வராகிவிட்டார். மிட்லண்டு ரெயில்வேயின் டைரக்டர்களில் அவரும் ஒருவர்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் லண்டன் சென்றிருந்தபோது, நண்பர் ஒருவரிடம் தமக்கு ஒரு யோசனை இருக்கிறது என்றார். விசாரித்தபோது, நல்ல திட்டம் வந்தால் இப்போதும் பரிசீலிப்பார்கள் என்று தெரிந்தது. ஒன்பது நாளில் முழுத் திட்டத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்.

ஜூன் 11-ந் தேதி டெர்பி நகரில் ரெயில்வே டைரக்டர்கள் கூட்டம். வேலையில் தவறு செய்த ஊழியர் ஒருவர் மீது விசாரணை நடந்தது. தலைமை வகித்த பாக்ஸ்டன், எதிரில் இருந்த மை ஒற்றும் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். சாட்சியத்தைத்தான் குறிப்பெடுக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் தாளை எடுத்துக் காட்டினார். அதில் கண்ணாடி அரண்மனை இருந்தது!

மாடி மாடியாக உயரும் ஒரு கட்டிடத்தின் பக்கத் தோற்றம். மேலே மடிப்புக் கூரை. சில கோடுகள்தான். அந்தத் தாள் இன்றும் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்தில் இரவு பகலாகப் படங்கள் தயாராயின. தூண்களின் பலத்தை ரெயில்வே என்ஜினீயர் வில்லியம் பார்லோ கணக்குப் போட்டுக் கொடுத்தார். சொன்ன கெடுவுக்குள் பாக்ஸ்டன் படச் சுருளோடு லண்டன் ரெயிலில் ஏறினார். அதே ரெயிலில் குழு உறுப்பினர் ராபர்ட் ஸ்டீவன்சன் இருந்தார்! பாக்ஸ்டன் படங்களை அவரிடம் கொடுத்தார். வாயில் வைத்த சுருட்டு அணைந்ததுகூடத் தெரியாமல் ஸ்டீவன்சன் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

ஆனாலும் குழு இழுத்தடித்தது. சொந்தத் திட்டத்தை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? பாக்ஸ்டன் காத்திருக்கவில்லை. ஜூலை 6-ந் தேதி பத்திரிகையில் படத்தை வெளியிட்டுவிட்டார். பொதுமக்கள் ஒரே குரலாக அதை வரவேற்றார்கள்.

கண்டிராக்டர்கள் பாக்ஸ், ஹெண்டர்சன் கம்பெனியார் 79,800 பவுனுக்கு டெண்டர் கொடுத்தார்கள். கண்காட்சி முடிந்ததும் கண்ணாடியும் இரும்பும் தங்களுக்கே சொந்தம் என்பது நிபந்தனை. அதைவிடக் குறைவாகச் செய்ய முடியாது. ஜூலை மாத முடிவுக்குள் குழு இணங்கிவிட்டது.

பூங்காவில் இருந்த பெரிய எல்ம் மரங்களை வெட்ட வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். நடுவில் 108 அடி உயரத்துக்கு அரைவட்டக் கூரை போட்டு, மரங்களை அப்படியே உள்ளே வைத்துக் கட்டினார்கள்! சிப்தார்ப்பின் வாய் அடைபட்டதா என்றால், இல்லை. அவர் கடைசிவரை திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

ஏழு மாதத்தில்

முதல் தூண் நட்டது 1850-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி. திறப்பு விழாவுக்கு ஏழு மாதமே இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு பெரிய கட்டிடம் என்றால் பத்து, இருபது ஆண்டு இழுக்கும். இது எப்படி முடிந்தது?

எல்லாத் துண்டும் ஒரே அளவு. அதுதான் ரகசியம். அப்போது செய்யக்கூடிய பெரிய கண்ணாடியின் நீளம் 49 அங்குலம். அதை வைத்தே கூரை மடிப்பின் அளவு. அதை வைத்தே தூணுக்குத் தூண் 24 அடி இடைவெளி. ஆகவே தூணும் உத்தரமும் வேறு ஊர்த் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் அச்சில் வார்க்கப்பட்டன. லண்டனுக்கு வந்து இறங்கியதும் ஒவ்வொரு உத்தரத்தையும் இயந்திரத்தில் அழுத்திச் சோதித்தார்கள். தேறியது உடனே மேலே ஏறியது. கொத்தனாருக்கு வேலையே இல்லை!

தூண்கள் உள்ளே குடைவாக இருந்தன. கூரைத் தண்ணீர் அதன் வழியாகவே கீழே இறங்கிற்று. கூரைக் கால்வாயின் விளிம்பையே தண்டவாளமாக வைத்து, சக்கரம் பூட்டிய சிறு வண்டிகள் ஓடின. அதில் உட்கார்ந்துகொண்டு ஆட்கள் கண்ணாடி பதித்துக்கொண்டே போனார்கள். 80 பேர் ஒரே வாரத்தில் 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணாடிகளைப் பதித்தார்கள். மொத்தம் 2,93,655 கண்ணாடிகள். பர்மிங்காம் பக்கத்தில் சான்ஸ் சகோதரர்கள் தொழிற்சாலையில் ஊதிச் செய்தவை. கண்ணாடி மீது இருந்த வரியை 1845-ம் ஆண்டில் அரசாங்கம் நீக்கியிருந்தது. இல்லாவிட்டால் இந்தச் செலவு கட்டியிருக்காது.

வேலைக்காகச் சுற்றிலும் அடித்த மர வேலிப் பலகைகளைக்கூட வீணாக்கவில்லை. பிரித்துத் தரைக்குப் போட்டார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டார்கள், தூசி கீழே விழட்டும் என்று.

பாக்ஸ்டன் ஒருவரே எல்லாம் செய்துவிட்டார் என்று சொல்வது நியாயம் ஆகாது. ஒவ்வொரு தூணுக்கும் ஆணிக்கும் வேலைப்படம் வரைந்தவர் கண்டிராக்டர் சார்லஸ் பாக்ஸ். நாள்தோறும் 18 மணி நேரம், ஏழு வாரம் வரைந்தார். வெயிலிலும் பனியிலும் ஏறி நின்றவர்கள் இரண்டாயிரம் தொழிலாளர்கள்.

இத்தனைக்கும் நடுவே பயமுறுத்தல்களுக்குக் குறைவில்லை. அரசாங்க வான நூல் நிபுணர் ஏரி, இது காற்றில் விழுந்துவிடும் என்று எச்சரித்தார். எனவே மாடிப் பகுதியைச் சோதித்தார்கள். தொழிலாளர்களைக் குதிக்கச் சொன்னார்கள். பட்டாள வீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டார்கள். பீரங்கிக் குண்டுகளைச் சட்டத்தில் அடுக்கி உருட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை.

கலை விமர்சகர் ரஸ்கின், இது வெறும் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடில்தான் என்று இகழ்ந்தார். ஒரு விதத்தில் அவர் சொன்னது உண்மைதானே!

60 லட்சம் பேர்

1851-ம் ஆண்டு மே 1-ந் தேதி, சொன்ன நாளில், விக்டோரியா மகாராணி கண்காட்சியைத் திறந்து வைத்தார்.

சுமார் ஒரு லட்சம் பொருள்கள் உள்ளே இருந்தன. நீராவி இயந்திரம் முதல் பேனாக் கத்தி வரை. இந்தியப் பகுதியில் அம்பாரி வைத்த ஒரு யானை நின்றது. பஞ்சு அடைத்த யானை. பஞ்சாபின் சிறுவயது மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து 1849-ம் ஆண்டில் எடுக்கப்பட்ட கோகினூர் வைரத்தைக் கூண்டில் வைத்திருந்தார்கள். முண்டியடித்துப் போய்ப் பார்த்த மக்கள், அது மின்னவில்லையே என்று ஏமாந்து திரும்பினார்கள். உண்மையான அதிசயம் அவர்கள் தலைக்கு மேலே இருந்தது.

முதலில் நுழைவுக் கட்டணம் அதிகம். மே மாதக் கடைசியிலிருந்து சில நாட்களுக்கு ஒரு ஷில்லிங் ஆக்கினார்கள். அவ்வளவுதான்! கிராமத்து விவசாயிகள், சுரங்கத் தொழிலாளர்கள், தையல்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு ரெயிலேறி வந்தார்கள். அவர்களில் பலர் ரெயிலில் ஏறியதே அதுதான் முதல் தடவை. அக்டோபரில் கண்காட்சி முடிவதற்குள் 60 லட்சம் பேருக்கு மேல் வந்துபோனார்கள். செலவு போக 1,86,000 பவுன் மிச்சம். அந்தப் பணத்தில் வாங்கிய நிலத்தில்தான் லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் பின்னால் எழுந்தன.

பாக்ஸ்டனுக்கு 5 ஆயிரம் பவுன் பரிசு கிடைத்தது. மகாராணி சர் பட்டம் கொடுத்தார். சுவர் ஏறிக் குதித்த இளைஞர், சர் ஜோசப் பாக்ஸ்டன் ஆனார்.

மலைமேல் மறுபிறவி

கட்டிடத்தைப் பூங்காவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பாக்ஸ்டன் வாதாடினார். பார்லிமெண்டு மறுத்துவிட்டது. அவர் சளைக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக் கம்பெனி அமைத்துக் கட்டிடத்தை விலைக்கு வாங்கினார். கழற்றி, லண்டனுக்குத் தெற்கே சிடன்ஹாம் குன்றின்மேல் இன்னும் பெரிதாகக் கட்டினார். 1854-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி மகாராணியே வந்து மறுபடியும் திறந்து வைத்தார். சுற்றிலும் தோட்டம், நீரூற்றுகள். குழந்தைகள் பார்த்து மகிழ, பூர்வ காலத்து டைனோசர்களின் பிரமாண்ட உருவங்களையும் செய்து வைத்தார்கள். அந்த உருவங்கள் இன்றும் இருக்கின்றன.

ஆனால் செலவு எல்லை மீறிவிட்டது. சுமார் 13 லட்சம் பவுன்! அந்தக் கடனிலிருந்து கம்பெனி கடைசிவரை தலைதூக்கவே இல்லை. வரைவதில் இருந்த சிக்கனம் சிடன்ஹாமில் பாக்ஸ்டனைக் கைவிட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில் கவெண்டிரி தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாகும்வரை உறுப்பினராக இருந்தார். 1855-ம் ஆண்டில், லண்டனைச் சுற்றிப் பத்து மைல் நீளத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு வீதி அமைத்து, அதில் கடைகளும் ரெயிலும் வைக்க வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். 3 கோடியே 40 லட்சம் பவுன் என்றதும் எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள்.

அவர் வழி மட்டும் பரவிற்று. நியூயார்க், டப்ளின், மூனிச் நகரங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. செங்கல் கோபுரத் திட்டம் போட்ட குழுவில் இருந்த புரூனெல், லண்டன் பாடிங்டன் ரெயில் நிலையம் கட்டியபோது அதே பாக்ஸ், ஹெண்டர்சன் கம்பெனியைத்தான் கூப்பிட்டார். இரும்பும் கண்ணாடியும் கொண்டே கூரை போட்டார். பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் மலர்க் கண்காட்சி நடக்கும் கண்ணாடி மாளிகைக்கு 1889-ம் ஆண்டில் கால்கோள் செய்தார்கள். அதற்கும் மாதிரி பாக்ஸ்டனின் அரண்மனைதான்.

கடைசி நாட்கள்

1858-ம் ஆண்டு ஜனவரியில் டெவன்ஷயர் பிரபு காலமானார். முப்பத்திரண்டு ஆண்டு காலம் எசமானரும் தோட்டக்காரருமாகத் தொடங்கி உற்ற நண்பர்களாக முடிந்த உறவு அது. பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் வேலையை விட்டு விலகினார்.

1865-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, சிடன்ஹாமில் தம் கண்ணாடி அரண்மனைக்குப் பக்கத்து வீட்டில் உயிர் நீத்தார். வயது 61. உடலைச் சாட்ஸ்வொர்த் அருகே எடன்சர் கிராமத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். சாரா இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தாள்.

சாட்ஸ்வொர்த்தின் பெரிய கண்ணாடி மாளிகைக்கு முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்கவில்லை. செடிகள் குளிரில் மடிந்தன. 1920-ம் ஆண்டில் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். முதல் வெடியில் அது விழவில்லை.

சிடன்ஹாம் அரண்மனை 1936-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு தீப்பிடித்தது. இரும்பும் கண்ணாடியும் எரியுமா என்று கேட்கலாம். தரைப் பலகை எரிந்தது. அடியில் சேர்ந்திருந்த தூசி எரிந்தது. 400-க்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடியும் பயன் இல்லை. விடிந்தபோது முறுக்கிய இரும்பும் உருகிய கண்ணாடியும்தான் கிடந்தன.

அந்தக் குன்றில் இப்போது ஒரு பூங்கா இருக்கிறது. அகலமான படிக்கட்டுகள் மேலே ஏறி, வெற்று மேட்டில் முடிகின்றன. பாக்ஸ்டனுக்கு 1873-ம் ஆண்டில் செதுக்கிய பெரிய சலவைக்கல் தலைச்சிலையும் அந்தப் பூங்காவில்தான் இருக்கிறது.